செப்டம்பர் 12 இரவு, பாத்திமா

ஐரோப்பியத் திருயாத்திரைக்குத் திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைபடத்தைத்தான் விரிக்கிறார்கள். ரோமை, லூர்து, பாத்திமா என்று தொடங்கி, "அவ்வளவு தூரம் போகிறோமே" என்று பாரிசையும் சுவிட்சர்லாந்தின் பனிமலையையும் சேர்த்துக்கொள்வார்கள். கடைசியில் மிஞ்சுவது நீண்ட பஸ் பயணம்தான். ஒவ்வொரு பேராலயத்துக்கும் முக்கால் மணி நேரம் கிடைக்கும், அதில் பாதி கழிப்பறை வரிசையில் போய்விடும். திருத்தலம் என்பது கட்டடம் மட்டுமில்லை, அங்கே குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட நேரத்தில் நடக்கிற வழிபாடும் சேர்ந்ததுதான். வேளாங்கண்ணிக்கு ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் போவதும் செப்டம்பர் 7 இரவு தேர்பவனிக்குப் போவதும் ஒன்றா? அதனால் முதலில் எடுக்க வேண்டியது நாள்காட்டி.

போர்ச்சுகல், ஸ்பெயின் என்ற இரண்டு நாடுகளை மட்டும் வைத்து, 2027 செப்டம்பருக்கு ஒரு பயணத்தை எப்படிக் கட்டுவது என்று இங்கே சொல்கிறேன். ஊர் மாறினாலும் முறை இதேதான்.

தேதி

பாத்திமாவில் அன்னை மூன்று சிறாருக்குக் காட்சி தந்தது 1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை, மாதம் ஒரு முறை. ஆகஸ்டில் மட்டும் 13ஆம் தேதி தவறியது. உள்ளூர் நிர்வாகி பிள்ளைகளைப் பிடித்து வைத்துவிட்டதால், அந்த மாதக் காட்சி 19ஆம் தேதி வாலினியோஸ் என்ற இடத்தில் நடந்தது. இன்றும் மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் 12, 13 தேதிகளில் பெருந்திருயாத்திரை உண்டு. மே, அக்டோபர் மாதங்களில் கூட்டம் நெரியும். தங்கும் அறைகள் வெகு காலம் முன்பே நிரம்பிவிடும். ஆகஸ்டில் வெயில் கொளுத்தும், அதோடு வெளிநாட்டில் வேலை செய்யும் போர்ச்சுகீசியர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாதமும் அதுதான். செப்டம்பர் நமக்கு வாகானது. பெருநாளின் நிறைவும் இருக்கும், மூச்சு விடவும் இடம் இருக்கும். வேளாங்கண்ணித் திருவிழா செப்டம்பர் 8இல் முடிவதால், மாதாவின் பிறப்பு விழாவை ஊரிலேயே கொண்டாடிவிட்டுக் கிளம்பலாம்.

2027ஐத் தேர்ந்தெடுப்பதற்கும் காரணம் உண்டு. ஸ்பெயினில் சந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தில், சந்தியாகப்பர் திருநாளான ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் வருகிற ஆண்டு புனித ஆண்டு. அப்போதுதான் அங்கே புனிதக் கதவு திறந்திருக்கும். கடைசியாக 2021இல் வந்தது. கொரோனா காரணமாக அதை 2022 முடிய நீட்டித்தார்கள். அடுத்தது 2027.

ஆக, செப்டம்பர் 12 இரவு பாத்திமாவில் இருக்க வேண்டும், அதே பயணத்தில் சந்தியாகோவின் புனிதக் கதவு வழியாகவும் நுழைய வேண்டும். இந்த இரண்டு ஆணிகளையும் அடித்துவிட்டால் மற்ற ஊர்களை இவற்றிலேயே மாட்டிவிடலாம்.

எதை விடுவது

லூர்தை விட்டுவிடுங்கள். சொல்லும்போது மனம் கேட்காது, தெரியும். ஆனால் சந்தியாகோவிலிருந்து லூர்து சாலை வழியே எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். அதைச் சேர்த்தால் இரண்டு முழு நாள் பஸ்ஸிலேயே கழியும். லூர்துக்குப் பாரிசிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம். பிரான்ஸ் போகிற வேறொரு முறைக்கு அதை வைத்துக்கொள்வதே நியாயம்.

வழித்தடம் தெற்கிலிருந்து வடக்காக ஒரே கோடு: லிஸ்பன், பாத்திமா, கோயிம்ப்ரா, போர்த்தோ, சந்தியாகோ. கடைசியில் மாட்ரிட். போன வழியே திரும்பக் கூடாது. விமான டிக்கெட்டை "லிஸ்பனில் இறங்கி, மாட்ரிட்டில் ஏறுவது" என்று கேட்டு வாங்குங்கள். வளைகுடா நகரங்கள் வழியாகச் செல்லும் நிறுவனங்கள் இரண்டு ஊர்களுக்கும் பறப்பதால் பெரும்பாலும் விலை அதிகம் கூடாது. போக வர லிஸ்பன் என்று எடுத்தால், கடைசி இரண்டு நாளைத் திரும்பிவரவே செலவழிக்க நேரிடும்.

டிக்கெட்டில் நம்மவர்களுக்கு வருகிற தலைவலி இனிஷியல். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். குடும்பப் பெயருக்கான கட்டம் பாஸ்போர்ட்டில் காலியாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே விமான நிறுவனத்திடம் எப்படிப் பதிவது என்று கேளுங்கள். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்று இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் பெயர்.

விசா

போர்ச்சுகல், ஸ்பெயின் இரண்டும் ஷெங்கன் நாடுகள். ஒரு விசா போதும். ஆனால் எந்த நாட்டிடம் கேட்பது என்பதற்கு விதி இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும், நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். நம் திட்டத்தில் லிஸ்பனில் மூன்று இரவு, பாத்திமாவில் மூன்று, கோயிம்ப்ராவிலும் போர்த்தோவிலும் ஒவ்வொன்று, மொத்தம் எட்டு இரவு போர்ச்சுகலில். சந்தியாகோவில் மூன்று, மாட்ரிட்டில் ஒன்று. எனவே போர்ச்சுகல். நேர்முகத்துக்குச் சீக்கிரம் நாள் கிடைக்கிறது என்பதற்காக வேறு நாட்டிடம் விண்ணப்பித்தால், தங்கும் கணக்கைப் பார்த்து நிராகரிக்கலாம்.

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்புவரை விண்ணப்பிக்க முடியும், அதற்கு முன் முடியாது. நமக்கு அது மார்ச் இரண்டாம் வாரம். குறைந்தது பதினைந்து நாள் முன்பாவது கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதை நம்பி ஆகஸ்டில் போய் நிற்காதீர்கள். கோடையில் விசா மையத்தில் நாள் கிடைப்பதே கடினம், முடிவு வர 45 நாள்வரை எடுத்துக்கொள்ளவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு வயதுக்குள் 45 யூரோ என்பது 2024 ஜூன் முதல் உள்ள நிலவரம். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணம் முடிந்து மூன்று மாதம் தாண்டியும் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும், அதில் இரண்டு வெற்றுப் பக்கமாவது இருக்க வேண்டும்.

அதிகாரி பார்ப்பது பக்தியை அல்ல, நீங்கள் திரும்பி வருவீர்களா என்பதைத்தான். வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், அலுவலக விடுப்புக் கடிதம், ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆணை ஆகியவைதான் கனமானவை. விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு கணக்கில் திடீரென்று பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் சந்தேகம் வரும். பிள்ளைகள் செலவு செய்கிறார்கள் என்றால் அதை வெளிப்படையாக எழுதி, அவர்களுடைய கணக்கையும் இணைப்பதே நல்லது. பங்குத்தந்தையின் கடிதம் துணைக்கு இருக்கட்டும், அதையே பெரிதாக நம்ப வேண்டாம். பயண அட்டவணையில் எழுதிய இரவுகளும் விடுதிப் பதிவுகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். எனவே ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்து முன்பே பதிவு செய்யுங்கள், அதிலும் முதலில் பாத்திமாவில். லிஸ்பனில் அறை எப்போதும் கிடைக்கும். செப்டம்பர் 12 இரவுக்குப் பாத்திமாவில் அப்படி இல்லை.

எருசலேம் பயணத்துக்குத் தமிழக அரசு தருகிற மானியம் இதற்குக் கிடையாது. பல பங்குகளில் இந்தக் கேள்வி வருவதால் சொல்லி வைக்கிறேன்.

குழுவோடு சாமியார் ஒருவர் வந்தால் அவருக்கென்று ஒரு வேலை உண்டு. தம் ஆயரிடமிருந்து 'செலெப்ரெட்' என்ற குருத்துவச் சான்றை வாங்கிக்கொள்ள வேண்டும். அது இல்லாமல் அயல்நாட்டுத் திருத்தலங்களில் பீடத்தில் நிற்க விடத் தயங்குவார்கள். தமிழில் தனித் திருப்பலி வேண்டுமென்றால், திருத்தல அலுவலகத்துக்கு மாதங்களுக்கு முன்பே எழுதி ஒரு சிற்றாலயத்தையும் நேரத்தையும் கேட்டுப் பெற வேண்டும்.

லிஸ்பன்

செப்டம்பர் 8 இரவு சென்னையில் ஏறினால் 9 வியாழன் லிஸ்பன். அன்று ஒன்றும் வைக்க வேண்டாம். வெள்ளியும் சனியும் போதும். இன்னொரு கணக்கும் இங்கே தானாகப் பொருந்துகிறது. பெலேமில் உள்ள ஜெரோனிமோஸ் மடம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அந்தத் திங்கள், அதாவது 13ஆம் தேதி, நாம் பாத்திமாவில்.

லிஸ்பனில் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது, பயண நிறுவனங்கள் இவற்றை வேகமாகக் கடந்துவிடுகின்றன. பதுவை அந்தோனியார் என்று நாம் அழைக்கிறவர் பிறந்தது இங்கேதான், பேராலயத்துக்குச் சில அடி தூரத்தில். அந்த இடத்தில் நின்ற ஆலயம் 1755 நவம்பர் 1 நிலநடுக்கத்தில் இடிந்து, பின்பு புதிதாகக் கட்டப்பட்டது. பிறந்த இடமாகச் சொல்லப்படும் நிலவறை மட்டும் தப்பியது. அன்று சகல புனிதர் திருநாள். ஜனங்கள் பூசையில் இருந்தபோதே கூரைகள் விழுந்தன. அந்த அழிவைக் கண்ணால் பார்க்க கார்மோ மடத்துக்குப் போக வேண்டும். கூரையில்லாமல் வளைவுகள் மட்டும் நிற்கும்படி அதை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் சேசு சபையினர் கட்டிய சாவ் ரோக்கே ஆலயம். வெளியே வெள்ளைச் சுவர், பார்த்தால் ஒன்றுமில்லை என்று தோன்றும். உள்ளே அருளப்பர் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. அதை ரோமையில் கட்டி, பாப்பரசர் மந்திரித்த பிறகு, பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே மறுபடி கோத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் நடந்த காரியம், பிரேசில் தங்கம் ஓடிய காலம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பூசை உடை அறைதான். அதன் சுவரில் ஆந்த்ரே ரெய்னோசோ வரைந்த, பிரான்சிஸ் சவேரியார் வாழ்க்கை ஓவியங்கள் வரிசையாக இருக்கின்றன. சவேரியார் 1541 ஏப்ரல் 7இல் இந்த நகரத்திலிருந்துதான் கப்பல் ஏறினார், அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக் கரையில் பரதவர் நடுவே இருந்தார். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4இல் தலை வெட்டுண்டு மறைசாட்சியான அருளானந்தரும் 1647இல் இங்கே அரசவைக் குடும்பத்தில் பிறந்தவர். நடுவில் ஒருமுறை லிஸ்பன் வந்தபோது அரசர் தங்கிவிடச் சொல்லியும் கேளாமல் மறவர் நாட்டுக்குத் திரும்பியவர். தூத்துக்குடிக்காரரோ ராமநாதபுரத்துக்காரரோ குழுவில் இருந்தால், சாவ் ரோக்கேவுக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள்.

சனிக்கிழமை பெலேம். மடத்து ஆலயத்தில் நுழைந்ததுமே வாஸ்கோ ட காமா கல்லறை. ஆலயத்துக்குக் கட்டணம் இல்லை, அதையொட்டிய மாடத் தாழ்வாரத்துக்கு உண்டு. டிக்கெட்டை முன்பே இணையத்தில் எடுத்து, திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.

உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலேயே ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி வைப்பார்கள். அது இலவசம் இல்லை. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சோறு தேடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். போர்ச்சுகீசியர் ஐரோப்பாவிலேயே பெரிய அரிசிப் பிரியர்கள்.

பாத்திமா

ரயில் டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். 'பாத்திமா' என்றே பெயருள்ள ரயில் நிலையம் திருத்தலத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. லிஸ்பனில் செத்தே ரியோஸ் நிலையத்திலிருந்து பஸ், ஒன்றரை மணி நேரம். 12 ஞாயிறு காலை வண்டிக்கு இருக்கையை முன்பே பதிவு செய்ய வேண்டும்.

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தால் சாப்பிட்டுத் தூங்குங்கள். இரவு நீளமானது. 9.30க்குக் காட்சிகளின் சிற்றாலயத்தில் ஜெபமாலை தொடங்கும். அது பல மொழிகளில் நடக்கும். பதிலை அவரவர் தம் மொழியில் சொல்வார்கள், நீங்களும் தமிழில் சத்தமாகவே சொல்லலாம். பிறகு மெழுகுதிரிப் பவனி, திருப்பலி. பாத்திமா மேட்டு நிலம், செப்டம்பரிலும் இரவு குளிரும். ஸ்வெட்டர் இல்லாமல் போனால் பாதியில் அறைக்கு ஓட வேண்டிவரும். மைதானத்தில் உட்கார இடம் மிகக் குறைவு, எனவே வயதானவர்களுக்கு மடக்கு முக்காலி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வழவழப்பான கல் பாதை ஒன்றில் முழங்காலிலேயே சிற்றாலயம் நோக்கிச் செல்பவர்களைப் பார்ப்பீர்கள். வேளாங்கண்ணி மணலில் அப்படிப் போனவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் மணலைவிடக் கல் கடுமை. நேர்ச்சை இருப்பவர்கள் முழங்கால் பட்டை எடுத்துச் செல்லட்டும். மெழுகில் செய்த கை, கால், குழந்தை உருவங்களும் அங்கே உண்டு. நம் ஊரில் காணிக்கையாகச் செலுத்துவோம், அங்கே ஆளுயர மெழுகுதிரிகளோடு சேர்த்து நெருப்பில் போட்டுவிடுகிறார்கள்.

13 காலை பத்து மணித் திருப்பலிக்குப் பின் அன்னையின் சுரூபத்தைச் சிற்றாலயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோவார்கள். மொத்தக் கூட்டமும் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டி விடைகொடுக்கும். அதனால் பெட்டியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை. பெருநாள்களில் அந்தச் சுரூபத்தின் தலையில் வைக்கும் கிரீடத்தில், 1981 மே 13இல் இரண்டாம் ஜான் பால் மீது பாய்ந்த துப்பாக்கிக் குண்டு பதிக்கப்பட்டிருக்கிறது.

மதியம் கூட்டம் கலைந்ததும் பாத்திமா வேறு ஊராகிவிடும். ஜெபமாலை அன்னை பேராலயத்தில், காட்சி கண்ட பிரான்சிஸ்கு, ஜசிந்தா, லூசியா மூவரின் கல்லறைகளையும் அப்போது நின்று பார்க்கலாம். முதல் இருவரும் சிறுவயதிலேயே இறந்தவர்கள், 2017 மே 13இல் புனிதராக உயர்த்தப்பட்டார்கள். லூசியா 2005வரை வாழ்ந்தார். மாலை வெயில் தணிந்ததும் ஒலிவ மரங்களுக்கு நடுவே சிலுவைப்பாதை வழியாக வாலினியோஸும் அவர்கள் பிறந்த அல்ஜுஸ்த்ரெல் கிராமமும் போய் வரலாம். தாழ்ந்த கூரையும் சின்னச் சின்ன அறைகளும் கொண்ட அந்த வீடுகள் அப்படியே இருக்கின்றன. பாத்திமாவில் ஒரே இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பெரிய பேராலயத்தை விட்டு இந்தக் கிராமத்துக்கே போகச் சொல்வேன்.

14ஆம் தேதிக்கு ஒரு வேன் பேசிக்கொள்ளுங்கள். பஸ்ஸை நம்பினால் இரண்டு இடம் முடியாது. காலையில் இருபது கிலோமீட்டரில் பத்தாலியா மடம். 1385இல் காஸ்தீலியரை வென்றதற்கு அரசர் செலுத்திய நேர்த்திக்கடன் அது. அதன் பின்புறம் கூரை போடாமலேயே நின்றுபோன சிற்றாலயங்களைத் தவறவிடாதீர்கள். மதியம் அல்கொபாசா. காதலனின் தந்தை இட்ட ஆணையால் கொலையுண்ட இனேஸும் அவள்மேல் உயிரை வைத்திருந்த அரசன் பேதுருவும் அங்கே பாதத்துக்குப் பாதம் நேராக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். உயிர்த்தெழும் நாளில் எழுந்ததும் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டுமென்று அப்படி வைத்ததாகச் சொல்வார்கள். துறவிகளின் சமையலறைக்குள் ஆற்று நீரையே வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்திருப்பதைப் பார்க்க மறக்காதீர்கள். தோமாரில் உள்ள கோயில் வீரர்களின் மடமும் அருமையானதுதான். ஆனால் எதிர்த்திசை என்பதால் விட்டுவிட்டேன்.

15ஆம் தேதி கோயிம்ப்ரா. பல்கலைக்கழகத்தின் ஜோவானினா நூலகத்துக்கு நேரம் குறித்த டிக்கெட் எடுக்க வேண்டும். புத்தகப் பூச்சிகளை அங்கே வௌவால்கள் தின்று காக்கின்றன, அவற்றின் எச்சம் படாமலிருக்க மேசைகளுக்கு இரவில் தோல் விரிப்பு போடுகிறார்கள். போர்த்தோவில் ஒரே இரவு. சாவ் பெந்து ரயில் நிலையத்தின் நீல ஓட்டுச் சுவர்களும் பிரான்சிஸ்கு ஆலயத்தின் தங்க மரவேலைப்பாடும் அரை நாளில் முடியும்.

சந்தியாகோ

17 வெள்ளி பஸ்ஸில் எல்லை தாண்டும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். ஸ்பெயின் நேரம் வேறு. இதை மறந்து நண்பகல் திருப்பலியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

நடைப்பயணச் சான்றிதழுக்குக் கடைசி நூறு கிலோமீட்டராவது நடந்து, வழி நெடுகப் பயண ஏட்டில் முத்திரை வாங்க வேண்டும். போர்ச்சுகல் எல்லையில் தூயி ஊரிலிருந்து தொடங்கினால் அந்தக் கணக்கு முழுதாக வரும். அதற்கு இன்னும் ஒரு வாரம் சேர்க்க வேண்டும். வயதானவர்கள் உள்ள குழுவுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 18 காலை மோன்தே தோ கோசோ குன்றுவரை டாக்சியில் போய், அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் இறங்கி நடந்தால் போதும். பழைய காலத்துப் பயணிகள் பேராலயக் கோபுரங்களை முதன்முதலாகக் கண்டது அந்தக் குன்றில்தான். சான்றிதழ் கிடைக்காது, ஆனாலும் நகருக்குள் நடந்தே நுழைவீர்கள்.

புனிதக் கதவு கிந்தானா சதுக்கத்துப் பக்கம். பெரிய முதுகுப்பையோடு பேராலயத்துக்குள் விட மாட்டார்கள், அதனால் அறையில் வைத்துவிட்டு வாருங்கள். பரிபூரண பலனுக்குப் பேராலயத்தைச் சந்திப்பது, பாப்பரசர் கருத்துக்காகச் செபிப்பது, நன்மை வாங்குவது ஆகியவற்றோடு பாவசங்கீர்த்தனமும் வேண்டும். அதைச் சில நாள் முன்போ பின்போ செய்யலாம் என்பதால், கிளம்புவதற்கு முந்தைய நாள் பங்குக் கோயிலிலேயே தமிழில் முடித்துவிடுங்கள். தெரியாத மொழியில் பாவங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

எட்டுப் பேர் கயிறு பிடித்து இழுக்க மேலே ஊஞ்சலாடுகிற அந்தப் பெரிய தூபக்கலசம், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை, பலருக்கும் கனவு. சாதாரணமாக அது குறிப்பிட்ட பெருவிழாக்களிலும் யாராவது குழுவினர் காணிக்கை கட்டும்போதும் மட்டுமே ஆடும். ஆடினால் பாருங்கள், அதற்காகத் தேதியை மாற்ற வேண்டாம். அதற்குச் செலவிடும் ஆவலை மத்தேயு என்ற சிற்பியின் மகிமை வாயிலுக்குக் கொடுக்கலாம். 1188 என்று ஆண்டு பொறித்த கல் அதில் இருக்கிறது. தனி டிக்கெட், குறைவான ஆள்கள்தான் அனுமதி, முன்பதிவு அவசியம்.

19 ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு ஓய்வு. 20 காலை மாட்ரிட்டுக்கு விரைவு ரயில், சுமார் மூன்றரை மணி நேரம். இரவு விமானம் கிடைத்தாலும் எடுக்காமல் ஒரு இரவு தங்குங்கள். ரயில் தாமதமானால் விமானம் காத்திருக்காது. மறுநாள் மாலை விமானம் என்றால் காலையில் தொலேதோ போய்வர நேரம் இருக்கும், ரயிலில் அரை மணிதான். அங்கே சாந்தோ தோமே ஆலயத்தில் எல் கிரேக்கோவின் பெரிய ஓவியம் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். விமான நிலையத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். ஷெங்கன் எல்லையில் இப்போது கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை மெல்ல நகரும். பாத்திமாவில் வாங்கிய தீர்த்தப் புட்டிகளைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே சுற்றி வையுங்கள்.